நாற்பத்தேழாம் எண் முக்கூரா இழுத்த நூல்

ஓய்வு பெறப்போகும் ஊழியர் தன்னைப் பற்றித் தானே நிரப்பித் தர வேண்டிய படிவம் ஒன்று போன வாரம் பெலேம் நகரத்திலிருந்து படகில் வந்தது. பெயர் ஒரிவால்டோ, வயது அறுபது, வேலை முக்கூரா பிடிப்பது. இவ்வளவையும் காபி ஆறுவதற்குள் எழுதிவிட்டேன். அடுத்த கேள்வியில்தான் பேனா நின்றுவிட்டது. 'தங்கள் பணியால் நோயிலிருந்து காக்கப்பட்டவர்கள் தோராயமாக எத்தனை பேர்?'

இரண்டு வருடம் முன்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'இந்த ஆற்றங்கரை முழுவதும்' என்று எழுதியிருப்பேன். இடம் போதாவிட்டால் எதிர்க்கரையையும் சேர்த்திருப்பேன். அப்போது எனக்கு என்னைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம்.

அந்த அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கே விளங்கவில்லை. இந்த வேலைக்கு வரும்வரை நான் தொட்ட எதுவும் துலங்கியதில்லை. முதலில் அசாயிப் பனையில் ஏறி குலை வெட்டப் போனேன். மூன்றாவது வாரம் குலைக்கு முன்னால் நான் தரைக்கு வந்து சேர்ந்தேன். பிறகு படகு ஓட்டினேன். நீர் வற்றும் நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டு, ஒரு கல்யாணக் கோஷ்டியைப் பெண்ணோடு சேர்த்து ஆறு மணி நேரம் சேற்றுத் திட்டில் உட்கார வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரன் இருக்கிறான். இன்றைக்கும் என் படகு என்றால் ஏற மாட்டாள். கடைசியாகக் கோழி வளர்த்தேன். அந்தக் கோழிகளை முக்கூராக்கள் தின்றன.

முக்கூரா என்பது பூனை அளவு உடம்பும், கூர்மூக்கும், மொட்டை வாலும், வயிற்றில் குட்டிப் பையும் உள்ள பிராணி. பயந்தால் செத்ததுபோல் படுத்துக்கொண்டு, மூன்று வீட்டுக்கு எட்டும்படி நாறும். கோழி தின்னும், பப்பாளி தின்னும், மறந்து வைத்த கஷாசா சாராயத்தையும் விடாது. எங்கள் பக்கம் குடித்துக் கிடப்பவனைப் பார்த்து முக்கூரா என்றுதான் சொல்வோம். டாக்டர் நெலிசா ஆராய்ச்சிக்கென்று பெலேமிலிருந்து எங்கள் கரைக்கு வந்து, முக்கூரா நடமாடும் இடமெல்லாம் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்தபோது எல்லாக் கையும் என்னை நோக்கித்தான் நீண்டன.

"இவன் கோழியைத் தின்னாத முக்கூரா இந்தக் கரையில கிடையாது டாக்டரம்மா. ஒவ்வொண்ணோட விலாசமும் இவனுக்கு மனப்பாடம்" என்றான் வால்டெசீர்.

வால்டெசீர் அடுத்த வீட்டுக்காரன். என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் கும்பாதிரி என்றுதான் கூப்பிடுவோம். வேலை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான் என்பதை நான் எவ்வளவு சீக்கிரம் மறந்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை சுலபம். வாழைப்பழமும் மத்தி மீனும் பிசைந்து கூண்டில் வைப்பேன். காலையில் முக்கூரா உள்ளே இருக்கும். டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, காதில் எண் மாட்டி, ரத்தம் எடுப்பார். நான் வாலைப் பிடித்துக்கொள்வேன். பிறகு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் காட்டுவார். சிவப்பணுக்களின் நடுவே வால் உள்ள ஒரு பொடி உயிர் நெளிந்துகொண்டு போகும். ஒரே ஒரு செல்தான் அதன் மொத்த உடம்பு. முக்கூராவின் ரத்தத்தில் குடியிருக்கும், வாலடியில் நாற்றம் சுரக்கும் பையிலும் குடியிருக்கும். முக்கூராவுக்கு அதனால் ஒரு தலைவலிகூட வராது. அதைக் கடித்து ரத்தம் குடித்த சவரப்பூச்சி என்னும் மூட்டைப்பூச்சி வகையோ, அந்தப் பூச்சியின் கழிவோ அசாயிப் பழத்தில் விழுந்து, பழத்தோடு சேர்ந்து அரைபட்டு மனிதன் வயிற்றுக்குள் போனால்தான் வினை. காய்ச்சல் வரும், முகம் வீங்கும், கவனிக்காமல் விட்டால் பல வருடம் கழித்து இதயம் பெருத்து ஆளைச் சாய்க்கும். இத்தனையையும் தடுக்க வழி ஒன்றுதான். பழத்தை மெஷினில் போடுவதற்கு முன் நல்ல சூட்டு வெந்நீரில் பத்து விநாடி முக்கி எடுக்க வேண்டும்.

இது என் தலைக்குள் போனது. போனது தலையிலேயே தங்கிவிட்டது, கைக்கு இறங்கவில்லை.

டாக்டரம்மா தூக்கிப்போட இருந்த பழைய வெள்ளைக் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். மாதாகோவில் வாசல், கால்பந்துத் திடல், சாவு வீடு, எங்கே நாலு பேர் நின்றாலும் பிரசங்கம்தான். "டாக்டர் முக்கூரா வர்றாரு" என்று பையன்கள் கத்துவார்கள். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி ஜாசிரேமா வீட்டு முன்கொட்டகையில் மெஷின் வைத்து அசாயிப் பழத்தைக் கூழாக அடித்து விற்கிறாள். காலை எட்டு மணிக்குச் சிவப்புக் கொடி ஏற்றினால் அசாயி தயார் என்று அர்த்தம். ஒன்பது மணிக்குள் பாதி தீர்ந்துவிடும். வால்டெசீரும் அதே தொழில்தான். அவன் கொடி கொஞ்சம் வெளுத்தது, கூட்டமும் கொஞ்சம் குறைவு. ஒரு டிசம்பரில், பெனதித்து புனிதர் திருவிழாவில், ஏலம் போடுகிற மைக் ஒரு நிமிடம் என் கைக்கு வந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் சொன்னதை இன்றைக்கும் மென்று முழுங்க முடியவில்லை.

"வெந்நீரில் முக்காத அசாயி விஷம்! பேர் சொல்ல விரும்பல. ஆனா வெளுத்த கொடி தொங்குற வீட்டுக் கூடையில முக்கூரா குளிக்குது!"

கூட்டம் சிரித்தது. வால்டெசீர் வறுத்த மீன் தட்டோடு அப்படியே நின்றான். மறுநாளிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. அவன் கடைக்குப் பாதிப் பேர் போகவில்லை. அதன் பிறகு என் வெள்ளைக் கோட்டு காணாமல் போனபோது, துணிக்கொடியில் காய்ந்ததை அவன்தான் எடுத்திருப்பான் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

இப்போது என் வீட்டுக் கதை. அப்போதே பதினோரு வருடமாக எங்கள் கடையில் வெந்நீர்ப் பானை உண்டு. நான்தான் வாங்கி வைத்தேன். ஆனால் வெந்நீர் பட்டால் அசாயியின் மணம் போய்விடுகிறது என்று எனக்கு ஓர் எண்ணம். அதனால் பானை வைத்த முதல் நாளே ஜாசிரேமாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஊருக்கு முக்கியே அடி. எனக்கு மட்டும் தனியா, பச்சையா ஒரு கிண்ணம் அடிச்சிரு."

"ஊருக்குச் சொல்றது ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணாய்யா?"

"நான் யாரு? முக்கூராவோட பழகுறவன். என் உடம்பு தாங்கும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினமும் மதியம் எனக்குத் தனிக் கிண்ணம் வந்தது. திரண்டிருக்கிறதா என்று அவள் முதல் கரண்டியை ருசி பார்த்துவிட்டுத் தருவாள். நான் மரவள்ளிப் பொரிமாவைத் தூவி, கருவாட்டு இறாலைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாப்பிட்டு, "ஆகா, இதுல்ல அசாயி! வெந்நீர்ல போட்டதெல்லாம் பாத்திரம் கழுவின தண்ணி" என்பேன். எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று மாதாமாதம் அவளைத் திட்டவும் செய்தேன். பீன்ஸ் வேக மாட்டேனென்கிறது என்பாள்.

இரண்டு வருடம் முன்பு, பழம் மும்முரமாக இறங்கும் ஆகஸ்டில், நாற்பத்தேழாம் எண் முக்கூரா மாட்டியது. பெண். பையில் குட்டிகள். அதன் ரத்தத்தில் அந்தப் பொடி உயிர்கள் சந்தை கூடினாற்போல் நெளிந்தன. அதே கூண்டில் மூன்றாவது தடவை மாட்டியிருந்தது, அதுவும் வீடுகளுக்கு மிக அருகில்.

"இது எங்க படுத்துத் தூங்குதுன்னு தெரியணும் அண்ணே" என்றார் டாக்டரம்மா. "நூல் கட்டி விட்டுருவோம்."

நூல் கட்டுவது என்றால், முக்கூராவின் முதுகில் ஒரு சின்ன நூல்கண்டை ஒட்டி, நுனியை மரத்தில் கட்டி, மாலையில் அவிழ்த்துவிடுவது. அது போகிற வழியெல்லாம் நூல் பிரிந்துகொண்டே போகும். காலையில் நாம் நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அதன் வளைக்குப் போய்ச் சேரலாம்.

அந்த மூலையில் இருப்பது இரண்டே வீடு. ஒன்று வால்டெசீருடையது, மற்றது என்னுடையது. எந்த வீடு என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே அன்று மாலையே கரை முழுக்கப் போய், "காலையில ஏழு மணிக்கு வாங்க, முக்கூரா யார் வீட்டு மருமகள்னு காட்டுறேன்" என்று அழைப்பு வைத்தேன். காலையில் முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஜாசிரேமா மட்டும் வரவில்லை. நாலு நாளாக அவளுக்குக் காய்ச்சல், ஆனாலும் கடையை நிறுத்தவில்லை. வெயில் காய்ச்சல் என்று நான்தான் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தேன்.

நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். கொய்யா மரத்தைச் சுற்றியது. வேலியைத் தாண்டியது. வால்டெசீர் முற்றத்துக்குள் நுழைந்தது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று திரும்பித் திரும்பிச் சொன்னேன்.

வால்டெசீர் கொட்டகை வாசலில் கை கட்டி நின்றான். நூல் அவன் காலடியைக் கடந்தது, மெஷின் மேடையை ஓரமாகத் தொட்டது, பப்பாளி மரத்தடியில் ஒரு சுற்றுச் சுற்றியது, பின்வேலி வழியாக வெளியே போய்விட்டது. பலகைப் பாலத்தில் ஏறியது. பாலம் எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நூலைக் கையிலிருந்து நழுவவிட்டு, காலில் முள் குத்தியதாகக் குனிந்து பார்த்தேன்.

"முள்ளை அப்புறம் எடுக்கலாம் அண்ணே, நூலை எடுங்க" என்றார் டாக்டரம்மா.

நூல் என் வீட்டுத் தூணில் ஏறி, கொட்டகை உத்தரத்தில் ஓடி, மூலையில் தொங்கிய பழைய கூடைக்குள் இறங்கியிருந்தது. கூடைக்கு நேர் கீழே அன்றைய அசாயிப் பழக் கூடைகள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், வால்டெசீர்தான் ஏறி இறக்கினான். உள்ளே நாற்பத்தேழு சுருண்டு படுத்திருந்தது. அதன் படுக்கை என் வெள்ளைக் கோட்டு. ஈரம் படாமல் இருக்கட்டும் என்று நானே அந்தக் கூடையில் பத்திரப்படுத்தியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"உன் கோட்டு கிடைச்சிருச்சு கும்பாதிரி" என்றான் வால்டெசீர். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

முப்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உள்ளேயிருந்து ஜாசிரேமா போர்வையோடு வந்தாள். கூடையைப் பார்த்தாள், கீழே இருந்த பழத்தைப் பார்த்தாள், எட்டு மணிக்கு ஏற்ற எடுத்து வைத்திருந்த சிவப்புக் கொடியைச் சுருட்டி உள்ளே வைத்தாள். "கூரையைச் சுத்தம் பண்ணாம இது ஏறாது" என்றாள்.

மானம் போனது எனக்கு அந்த நிமிடம் பெரிதாகவே படவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். காய்ச்சல். கண்ணோரம் லேசாக வீங்கியிருப்பதுபோலவும் தெரிந்தது. பதினோரு வருடம், தினம் ஒரு கரண்டி பச்சை அசாயி. அவளாக ஆசைப்பட்டுத் தின்றது இல்லை, என் நாக்குக்காகத் தின்றது.

டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு, காய்ச்சல்காரியையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கரை ஆய்வுக்கூடத்துக்கு உடனே போகலாம் என்றார். வழக்கமான படகுக்காரன் வரவில்லை. "நான் ஓட்டுறேன்" என்றேன். அவசரத்தில் நீர்மட்டம் பார்க்க மறந்தேன். ஆற்றின் நடுவில் படகு ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அதே சேற்றுத் திட்டு.

"கல்யாணப் பொண்ணை உட்கார வச்ச இடந்தானேய்யா இது?" என்றாள் ஜாசிரேமா, போர்வைக்குள்ளிருந்து.

டாக்டரம்மாவின் மடியில் ரத்தப் பெட்டி இருந்தது. பச்சைக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தேன். பதினோரு வருடமாக அவரிடம் 'என் வீட்டில் முக்காமல் ஒரு பழம் மெஷினுக்குப் போகாது' என்று சத்தியம் செய்தவன். நாலு தடவையும் "வெயில் ஜாஸ்திதான்" என்று சொல்லி மூடிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வால்டெசீர் சின்னத் துடுப்புப் படகில் வந்தான். கயிறும் கொண்டுவந்தான், மூடி போட்ட பாத்திரத்தில் அசாயியும் கொண்டுவந்தான். பாத்திரத்தை நீட்டியபோது என் கை தயங்கியது.

"பயப்படாதே கும்பாதிரி. வெந்நீர்ல முக்குனதுதான்" என்றான். "நீ மைக்ல கத்துறதுக்கு மூணு வருஷம் முன்னாலயே நான் முக்க ஆரம்பிச்சாச்சு. உன் வீட்டம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க."

சேற்றில் படகு மட்டுமா மாட்டியிருந்தது? அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் கயிறு கட்டி இழுத்தான், நானும் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தள்ளினேன்.

ஆய்வுக்கூடத்தில் முதலில் ஜாசிரேமாவின் ரத்தம். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் பாக்குறேன். எனக்குத் தெரியும் அது எப்படி நெளியும்னு."

அவர் விலகினார். நான் கண்ணை வைத்தேன். வைத்த உடனே தெரிந்தது. கறுப்பாக, நீளமாக, வாலோடு, என் கண்ணெதிரே துடித்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் பட்டதில்லை. நாற்காலியிலிருந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாந்தான் டாக்டரம்மா! நாந்தான் பச்சையா அடிக்கச் சொன்னேன். பதினோரு வருஷமா. அவ வேண்டாம்னா, நான் கேக்கல. என் நாக்கை அறுக்கணும். ஜாசி, என்னை மன்னிச்சிரு, உன்னை நாந்தான் கொன்னுட்டேன்!"

டாக்டரம்மா குனிந்து மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது உங்க கண் இமை முடி அண்ணே. ரத்தம் சுத்தமா இருக்கு. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"கண் வீங்கியிருக்கே?"

"நாலு ராத்திரி தூங்கலைன்னா உனக்கும் வீங்கும்" என்றாள் ஜாசிரேமா. "அதுக்கா காலையிலருந்து பேயடிச்ச மாதிரி இருக்கே? நான் மானம் போன துக்கம்னுல்ல நினைச்சேன்!"

"பச்சை அசாயி, ஜாசி. தினம் ஒரு கரண்டி நீயும்..."

"எந்தப் பச்சை அசாயி?"

நான் அவளைப் பார்த்தேன்.

"யோவ், உனக்கு ஒரு நாள்கூட நான் பச்சையா அடிச்சதில்லை. உன் கிண்ணத்தை ரெண்டு தடவை முக்குவேன். நீதான் ஊர்ல உள்ள முக்கூராவை எல்லாம் கட்டிப் புடிச்சிட்டு வர்ற ஆளாச்சே."

"மணம்? அந்த ருசி?"

"உன் நாக்கைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

டாக்டரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிலிண்டர் தீர்ந்த கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தரையில் உட்கார்ந்தபடியே அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், ஆனால் பதினோரு வருடம் அந்தக் கிண்ணத்தின் முன்னால் கண்ணை மூடி ரசித்த என் முகத்தை நினைத்து, நடுநடுவே வெட்கத்திலும் அழுதேன்.

என் ரத்தமும் சுத்தம்தான். அந்த வாரம் எங்கள் கடையில் வாங்கிச் சாப்பிட்ட எல்லோரையும் டாக்டரம்மா சோதித்தார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஜாசிரேமாவுக்கு வந்தது சாதாரணச் சளிக் காய்ச்சல். நாற்பத்தேழைக் குட்டிகளோடு காட்டுக்குள் தொலைவில் கொண்டுபோய் விட்டோம். கோட்டை அதற்கே கொடுத்துவிட்டேன், என்னைவிட அதற்குத்தான் பொருத்தம். வால்டெசீர் வந்து கூரைக்குக் கம்பி வலை அடித்துக் கொடுத்தான். எட்டாம் நாள் கொடி ஏறியது.

டிசம்பரில் திருவிழா மைக்கை நானே கேட்டு வாங்கினேன். வால்டெசீரைப் பற்றி நான் சொன்னது பொய், கோட்டு விஷயமும் பொய், அவன் கடை அசாயி சுத்தமானது என்று சொன்னேன். கூட்டத்தின் பின்னாலிருந்து வால்டெசீர் கத்தினான்.

"காதுல விழல கும்பாதிரி! இன்னொரு தடவை!"

இன்னொரு தடவை சொன்னேன். அவன் மூன்றாம் தடவையும் கேட்டான். அதையும் சொன்னேன்.

இப்போது படிவம் முன்னால் இருக்கிறது. 'காக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?' ஜாசிரேமா அந்தப் பக்கம் பழத்தை வெந்நீரில் முக்கிக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். கை ஈரத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நீ எத்தனை பேரைக் காப்பாத்துனேன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"அப்ப தெரிஞ்சதை எழுது."

எழுதினேன். 'காக்கப்பட்டவர்: ஒருவர், ஒரிவால்டோ. காத்தவர்: அவர் மனைவி.' படித்துப் பார்த்துவிட்டு, 'பதினோரு வருடம், தினமும்' என்பதையும் சேர்க்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.